மெக்கேயின் சூத்திரமும் ரேடியேட்டரில் ஓடும் தண்ணீரும்

எரிசக்தி பற்றிக் கொஞ்சம் ஆழமாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் எப்போதாவது டேவிட் மெக்கேயிடம் வந்து சேர்வார்கள். கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர். 2008 கடைசியில் அவருடைய ‘சஸ்டைனபிள் எனர்ஜி – வித்தவுட் த ஹாட் ஏர்’ வந்தது. ‘ஹாட் ஏர்’ என்றால் சூடான காற்று. வெறும் வாய்ப்பந்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. பந்தல் போடுவதை நிறுத்திவிட்டு எண்ணை வைத்துப் பேசுவோம் என்பதுதான் புத்தகத்தின் மொத்தத் திட்டமும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோவாட்-மணி, அதாவது நம் மின் கட்டண அட்டையில் இருக்கும் ‘யூனிட்’ எத்தனை, என்ற ஒரே அளவுகோலில் கார், விமானம், காற்றாலை, குளியல் என்று எல்லாவற்றையும் அளந்து காட்டினார். 2009 முதல் 2014 வரை பிரிட்டிஷ் அரசின் எரிசக்தி மற்றும் காலநிலை மாற்றத் துறைக்குத் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தார். 2016ல், 48 வயதிலேயே இறந்துபோனார். புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இந்தக் குறிப்பு அதன் 21ஆம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும். வீட்டைச் சூடாக்குவது பற்றிய அத்தியாயம். ஹீட் பம்ப் என்ற இயந்திரத்தின் பக்கம் பல வாசகர்களைத் திருப்பிய பக்கங்கள் அவை. முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இன்றைக்கும் அவர் சொன்னது சரி. அந்த முடிவுக்கு அவர் வரும் வழியில் மட்டும் ஒரு இடம் இடிக்கிறது. சின்ன இடம்தான். ஆனால் கடந்த பதினைந்து வருடங்களில் பிரிட்டனில் ஹீட் பம்ப் பொருத்திய பல வீடுகள் தடுக்கி விழுந்ததும் அதே இடத்தில்தான் என்பது என் வாசிப்பு.

முதலில் இயந்திரம்

ஹீட் பம்ப் நமக்குப் புதிதல்ல. சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி ஒரு ஹீட் பம்ப்தான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பிப் போட்டால், வெளிக் குளிர்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் தள்ளும். பூஜ்யம் டிகிரிக் காற்றில் என்ன வெப்பம் என்று தோன்றலாம். மைனஸ் 273 டிகிரிக்கு மேலே இருக்கும் எதிலும் வெப்பம் உண்டு. அதைவிடக் குளிரான ஒரு திரவத்தை அதன் பக்கத்தில் ஓடவிட்டால் வெப்பம் தானாகவே திரவத்துக்குள் வரும். பிறகு கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றும். கம்ப்ரசருக்கு மட்டும்தான் மின்சாரம். வெப்பத்தில் பெரும்பகுதி வெளிக்காற்றிலிருந்து ஓசியில் வருவது.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதே இதன் செயல்திறன் எண், சி.ஓ.பி. சாதாரண மின்சார ஹீட்டருக்கு அது 1. ஹீட் பம்புக்கு 3, 4 என்று போகும். 1852லேயே கெல்வின் பிரபு இப்படி ஒரு இயந்திரம் சாத்தியம் என்று எழுதிவிட்டார். கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் என்று இரண்டையுமே அந்தக் கட்டுரையின் தலைப்பில் வைத்திருந்தார். 1940களில் நார்விச் நகரில் ஜான் சம்னர் என்ற பொறியாளர் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்து ஒரு முழுக் கட்டடத்தையே சூடாக்கிக் காட்டினார். ஆக, தத்துவமும் பழசு, செய்முறையும் பழசு.

மெக்கே என்ன சொன்னார்?

அவருடைய வாதம் அழகானது. இயற்கை எரிவாயுவை வீட்டு பாய்லரில் எரித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெப்பமாகக் கிடைக்கும். அதே வாயுவை மின் நிலையத்தில் எரித்தால் பாதி வீணாகும். கம்பி வழியே வரும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஆனால் வந்து சேரும் மின்சாரத்தை ஹீட் பம்புக்குக் கொடுத்தால் அது மூன்று மடங்காகிறது. நானே போட்டுப் பார்த்தேன்: 100 யூனிட் வாயு, மின் நிலையத்தில் 50 யூனிட் மின்சாரம், வழியில் இழப்பு போக 46, மூன்றால் பெருக்கினால் 138 யூனிட் வெப்பம். பாய்லரில் கிடைப்பது 90. அதாவது காற்றாலை, சூரிய மின்சாரம் எதுவுமே இல்லாமல், அதே வாயுவை வைத்துக்கொண்டே, ஹீட் பம்ப் ஜெயிக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருந்த, மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும் கூட்டு நிலையங்களையும் இதே கணக்கால் அவர் கீழே இறக்கினார். நெருக்கமான புறநகரில் எல்லா வீடும் மண்ணிலிருந்து வெப்பம் எடுத்தால் மண்ணே உறைந்துபோகும், கோடையில் திரும்ப வெப்பம் ஏற்றவேண்டும், ஆகவே காற்றிலிருந்து எடுப்பதுதான் நகரத்துக்கு வழி என்பதையும் கணக்குப் போட்டே சொன்னார். 2008ல் இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன பொதுவாசகர் புத்தகம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் அடிப்படையாக அவர் வைக்கும் சூத்திரம் ஒரே ஒரு வரி. வீட்டைச் சூடாக்க ஆகும் சக்தி எவ்வளவு? உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை வீட்டின் கசிவால் பெருக்கி, சூடாக்கும் கருவியின் செயல்திறனால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆகவே சேமிக்க மூன்று வழிகள்: தெர்மோஸ்டாட்டைக் குறை, கசிவை அடை, நல்ல கருவி வாங்கு. தன் வீட்டிலேயே செய்தும் காட்டினார். 1940 வாக்கில் கட்டிய வீடு. ஒரு நாளைக்குச் சராசரி 40 யூனிட் வாயு குடித்துக்கொண்டிருந்தது. புது பாய்லர், சுவர் இடுக்கில் இன்சுலேஷன், தெர்மோஸ்டாட்டை இறக்குவது என்று படிப்படியாகச் செய்து 2007ல் 13 யூனிட்டுக்குக் கொண்டுவந்தார். மீட்டரைத் தவறாமல் படித்துக் குறித்து வைத்ததுதான் இதில் பாதி வேலை என்பார்.

இடிக்கும் இடம்

சூத்திரத்தைத் திரும்பப் பாருங்க. மேலே இரண்டு எண், கீழே ஒரு எண். மூன்றும் தனித்தனி என்ற தொனியில் அத்தியாயம் போகிறது. எரிவாயு பாய்லருக்கு அது ஏறக்குறைய உண்மை. வீடு ஓட்டையாக இருந்தாலும் அடைப்பாக இருந்தாலும் பாய்லரின் திறன் 85க்கும் 92க்கும் நடுவேதான் ஆடும்.

ஹீட் பம்பில் அப்படி இல்லை. அதன் திறன், அது எத்தனை டிகிரி ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு இழுவை. இங்கே கிணற்றின் அடி வெளிக்காற்று. மேல் விளிம்பு எது? அறையின் 20 டிகிரி என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். ரேடியேட்டரில் ஓடும் தண்ணீரின் வெப்பநிலைதான் மேல் விளிம்பு. பிரிட்டனில் பழைய ரேடியேட்டர்களுக்கு 70 டிகிரித் தண்ணீர் விட்டுத்தான் பழக்கம். அறை 20, தண்ணீர் 70. ஹீட் பம்ப் பூஜ்யத்திலிருந்து 70க்கு ஏற்ற வேண்டும்.

வெப்ப இயக்கவியல் தரும் உச்சவரம்பு எளிமையானது: மேல் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி, ஏற்றத்தால் வகுக்கவும். வெளியே 0 டிகிரி, தண்ணீர் 70 என்றால் 343ஐ 70 ஆல் வகுக்க 4.9. தண்ணீர் 50 என்றால் 323ஐ 50 ஆல் வகுக்க 6.5. தண்ணீர் 35 என்றால் 308ஐ 35 ஆல் வகுக்க 8.8. நிஜ இயந்திரம் இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எட்டும். 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முறையே 2.2, 2.9, 4. அதே பெட்டி, அதே குளிர் நாள், அதே கம்பெனி. தண்ணீர் மட்டும்தான் மாறியது.

சரி, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? வீடுதான். வீடு எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டர் தந்தாகவேண்டும். ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் தண்ணீர் கொதிப்பாக இருந்தாகவேண்டும். ஆக, சூத்திரத்தின் கீழே இருக்கும் எண், மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் நகர்கிறது.

ஒரு வீட்டை வைத்துப் பார்த்துவிடலாம். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட வீடு. வெளியே பூஜ்யம், உள்ளே 20. வீடு 6 கிலோவாட் வெப்பத்தை இழக்கிறது. ரேடியேட்டர்கள் சராசரி 70 டிகிரித் தண்ணீரில் சரியாக 6 கிலோவாட் தரும் அளவு. ஹீட் பம்பை அப்படியே மாட்டினால் திறன் 2.2, மின்சாரம் 2.7 கிலோவாட்.

இப்போது கூரையிலும் சுவரிலும் இன்சுலேஷன் போட்டு இழப்பை 3 கிலோவாட்டாகப் பாதியாக்குகிறோம். மெக்கேயின் சூத்திரத்தை அப்படியே வாசித்தால் மின்சாரமும் பாதியாகி 1.35 ஆகவேண்டும். ஆனால் பாதி வெப்பம் போதும் என்பதால் அதே ரேடியேட்டருக்கு 50 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தண்ணீரே போதும். திறன் 2.9க்கு ஏறிவிடும். ஆகவே மின்சாரம் சுமார் 1 கிலோவாட்தான். பாதியைத் தாண்டி, பழையதில் 38 சதவீதத்துக்கே வந்துவிட்டது. இதோடு ரேடியேட்டரையும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் தண்ணீர் 37 டிகிரி போதும், திறன் 3.8, மின்சாரம் 0.8 கிலோவாட். இயந்திரத்தில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இதையே எதிர்ப்பக்கமிருந்தும் படிக்க வேண்டும், அதில்தான் ஆபத்து. ‘ஹீட் பம்பின் திறன் 3 அல்லது 4’ என்று படித்துவிட்டு ஒருவர் தன் ஓட்டை வீட்டில், பழைய ரேடியேட்டரோடு, பாய்லர் இருந்த இடத்தில் ஹீட் பம்பை வைத்தால் அவருக்குக் கிடைப்பது 2.2. புத்தகம் பொய் சொன்னதாக அவர் நினைப்பார். புத்தகம் பொய் சொல்லவில்லை. அந்த எண் பெட்டியின் குணம் என்ற எண்ணத்தை மட்டும் அவர் மனதில் விட்டுச்சென்றது.

நிஜ வீடுகள் என்ன சொல்கின்றன?

புத்தகம் வந்து இரண்டு வருடத்துக்குள், 2010ல், பிரிட்டனின் எனர்ஜி சேவிங் டிரஸ்ட் 83 ஹீட் பம்புகளை நிஜ வீடுகளில் அளந்து முடிவை வெளியிட்டது. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவற்றின் நடுத்தர எண் ஏறத்தாழ 2.2. மண்ணிலிருந்து எடுப்பவை 2.3க்கும் 2.5க்கும் நடுவே. நன்றாகப் பொருத்திய சில வீடுகள் 3ஐத் தாண்டின. ஒரே மாதிரி இயந்திரங்கள், இவ்வளவு வித்தியாசம். வடிவமைப்பு, பொருத்திய விதம், பயன்படுத்திய விதம் என்று காரணங்கள் பட்டியலாயின.

அந்த ஆண்டில் இது சின்ன விஷயமே இல்லை. அப்போது பிரிட்டன் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 500 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 2.2 ஆல் வகுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 227 கிராம். எரிவாயு பாய்லரில் சுமார் 200 கிராம். அதாவது மோசமாகப் பொருத்திய ஹீட் பம்ப், அது விரட்ட வந்த பாய்லரைவிட அதிகமாகப் புகைத்தது! மெக்கேயின் 138க்கு 90 என்ற கணக்கு 3 என்ற எண்ணின் தோளில் நின்றது. 2.2 போட்டால் 101க்கு 90. அதுவும் வாயுவில் ஓடும் நல்ல மின் நிலையம் என்று வைத்துக்கொண்டால். அன்றைய பிரிட்டனில் நிலக்கரியும் கணிசமாக எரிந்தது.

பிறகு நிலைமை தேறியது. அரசு மானியத் திட்டத்தில் பொருத்திய சுமார் 700 இயந்திரங்களை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அலசியபோது காற்றுவகை 2.4ஐ ஒட்டி வந்தது. அதற்கும் பின்னால் 742 வீடுகளில் நடந்த இன்னொரு பெரிய பரிசோதனையில் நடு எண் சுமார் 2.8. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2020ல் வெளியிட்ட அளவீட்டில், புதுப்பித்ததும் புதுப்பிக்காததுமான பழைய வீடுகளிலேயே காற்றுவகை சராசரி 3.1, மண்வகை 4.1. தரையடிக் குழாய்களும் பெரிய ரேடியேட்டர்களும் அங்கே கூடுதல் பழக்கம். தண்ணீர் குளிர்ந்தால் எண் ஏறும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எதை எண்ணிச் சேர்க்கிறோம்?

இங்கே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. விளம்பரத் தாளில் வரும் சி.ஓ.பி. ஒரு குறிப்பிட்ட சோதனை நிலையில் எடுத்தது. பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35. அது லாரியை இறக்கத்தில் ஓட்டி மைலேஜ் பார்ப்பது போலத்தான். வருடம் முழுக்க அளந்த சராசரிக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். அதிலும் நான்கு எல்லைகள். கம்ப்ரசர் மட்டும் எடுத்தால் ஒரு எண். வெளி விசிறியையும் சேர்த்தால் இரண்டாவது. துணைக்கு இருக்கும் மின்சார ஹீட்டரையும் சேர்த்தால் மூன்றாவது. வீட்டுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பையும் சேர்த்தால் நான்காவது. கடைசி எண்தான் பில்லுக்குக் கிட்டத்தில் இருப்பது. நான் மேலே சொன்ன 2.4ம் 2.8ம் அந்த நான்காவது எல்லையில் எடுத்தவை.

துணை ஹீட்டரை அற்பம் என்று விட்டுவிடக் கூடாது. வீட்டுக்குத் தேவையான வெப்பத்தில் 90 பங்கை ஹீட் பம்ப் 3 என்ற திறனில் தருகிறது, 10 பங்கைத் துணை ஹீட்டர் தருகிறது என்று வைப்போம். செலவாகும் மின்சாரம் 30ம் 10ம் சேர்த்து 40. நூறை நாற்பதால் வகுத்தால் 2.5. பத்தில் ஒரு பங்கு வேலை, மொத்தத் திறனில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 உத்தரவின் கீழ், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கில் சேர மின்சார ஹீட் பம்புக்குக் குறைந்தபட்சம் 2.5 வேண்டும் என்று வகுத்தார்கள். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதை வைத்தே ஒரு வீடு தேறவும் செய்யும், தோற்கவும் செய்யும்.

தெர்மோஸ்டாட் பாடம்

மெக்கேயின் முதல் வழி தெர்மோஸ்டாட்டை இறக்குவது. தேவைப்படும்போது மட்டும் சூடாக்கு என்பதும் அதில் அடக்கம். பாய்லர் வீட்டுக்கு இது தங்கமான அறிவுரை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று போட்டால் போதும். 24 கிலோவாட் பாய்லர் அரை மணியில் வீட்டைச் சூடாக்கிவிடும்.

அதே பழக்கத்தை 6 கிலோவாட் ஹீட் பம்பிடம் காட்டினால் என்ன ஆகும்? இரவு முழுக்க அணைத்து வைத்த வீட்டை விடிகாலை ஆறு மணிக்கு, அன்றைய நாளின் மிகக் குளிரான நேரத்தில், அவசரமாக எழுப்பச் சொல்கிறோம். அவசரம் என்றால் சூடான தண்ணீர். சூடான தண்ணீர் என்றால் குறைந்த திறன். அதுவும் போதாவிட்டால் துணை ஹீட்டர் தலையிடும். அணைத்து வைத்ததில் கொஞ்சம் வெப்பம் மிச்சமானது உண்மைதான். அந்த மிச்சத்தில் எவ்வளவு விடிகாலையில் திரும்பக் கரைகிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். நன்றாக அடைத்த வீட்டில் நாள் முழுக்க இளஞ்சூட்டில் ஓடவிடுவதே பல சமயம் லாபம். வெப்பநிலையை ஒரு டிகிரி இறக்கி அப்படியே நிலையாக வைப்பது எப்போதும் லாபம். அணைத்து அணைத்துப் போடுவது அப்படியல்ல. பிரிட்டனில் ‘ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்கவே மாட்டேங்குது’ என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தப் பாய்லர் பழக்கத்தால் வருவது என்று நினைக்கிறேன். அத்தியாயம் இந்த இடத்தில் வாசகரை எச்சரித்திருக்கலாம். மூன்று வழிகளும் தனித்தனி என்ற சட்டகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இதே பாடம் நம் ஏசியிலும் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று விதி வந்தது. சென்னையில் வெளியே 35. ஏசியை 18ல் வைத்தால் வித்தியாசம் 17. 24ல் வைத்தால் 11. காற்றின் ஈரப்பதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சுவர் வழியே உள்ளே வரும் வெப்பமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கூடவே ஏற்றமும் குறைவதால் திறனும் ஏறுகிறது. லாபம் இரண்டு பக்கமும்.

பணம் பற்றி

மெக்கே தன் புத்தகத்தைப் பெரும்பாலும் இயற்பியல் எல்லைகளோடு நிறுத்திக்கொண்டார். விலை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. இயற்பியல் மாறாது என்பது அவர் கட்சி. நாட்டுக்கான திட்டத்துக்கு அது நியாயம். வீட்டுக்காரருக்கு?

பிரிட்டனில் 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விலை உச்சவரம்பு: மின்சாரம் யூனிட்டுக்கு 24.50 பென்ஸ், எரிவாயு 6.04 பென்ஸ். நான்கு மடங்கு. 90 சதவீத பாய்லரில் ஒரு யூனிட் வெப்பம் 6.7 பென்ஸ். 2.8ல் ஓடும் ஹீட் பம்பில் 8.75 பென்ஸ். இரண்டும் சமமாக வேண்டுமானால் ஹீட் பம்ப் 3.65ஐ எட்டவேண்டும், 4ஐ எட்டினால் 6.1 பென்ஸ், லாபம். இயற்பியல் சொல்லும் கடைத்தேறும் எண் 2. பில் சொல்லும் கடைத்தேறும் எண் 3.65. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மின்சார பில்லின் மேல் ஏற்றப்பட்ட கொள்கைக் கட்டணங்களும், மின்சார விலையை அடிக்கடி எரிவாயுவே தீர்மானிக்கும் சந்தை ஏற்பாடும் இதற்குக் காரணம்.

நார்வேயைப் பாருங்க. அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப். லண்டனைவிடக் குளிர். ஆனால் நீர்மின்சாரம், வீட்டுக்கு வீடு வாயுக் குழாய் கிடையாது. போட்டிக்கு இருந்தது சாதாரண மின்சார ஹீட்டர், அதாவது 1 என்ற எண். அதுவும் அங்கே பெரும்பாலானவை நம் ஸ்பிளிட் ஏசி போல நேராகக் காற்றையே சூடாக்குபவை. 70 டிகிரித் தண்ணீரின் தொல்லையே இல்லை. ‘குளிர் நாட்டில் ஹீட் பம்ப் வேலை செய்யாது’ என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

பிரிட்டன் 2020ல், வருடத்துக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்ற இலக்கை 2028க்குள் எட்டுவோம் என்று அறிவித்தது. 2024ல் விற்றது ஏறத்தாழ 1 லட்சம். வாங்க 7,500 பவுண்டு மானியம் தந்தும் இந்த நிலை. எரிவாயுவில் சூடாகும் வீடுகள் அங்கே 2 கோடிக்கு மேல். பில் ஏறினால் முதலில் அடிபடுவது பென்ஷனை நம்பி, ஓட்டையான பழைய வீட்டில் இருக்கிறவர். அவர் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்காருவார்.

பிறகு ஏன் இந்தப் புத்தகம்?

இவ்வளவு குறை சொன்ன பிறகும், வீட்டு வெப்பம் பற்றி யாராவது கேட்டால் முதலில் இந்த அத்தியாயத்தைத்தான் படிக்கச் சொல்வேன். ஏனென்றால் அதன் மேல் நான் வைத்த குறைகளில் பெரும்பாலானவற்றை அதன் கருவிகளை வைத்தேதான் கண்டுபிடிக்க முடிந்தது. எண்ணை எடு, எளிய கணக்கைப் போடு, மீட்டரைப் படி என்று கற்றுத்தந்தவரையே அதே கணக்கால் சோதிக்க முடிகிறதென்றால், அது ஆசிரியருக்குப் பெருமைதான். காலமும் அவர் பக்கம் நின்றது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அந்த வருடம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 125 கிராம் அளவுக்கே கார்பன். 2.8 ஆல் வகுத்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 45 கிராம். பாய்லரில் அதே பழைய 200. சுமாராகப் பொருத்திய ஹீட் பம்பும் இன்றைக்குப் பாய்லரைப் புகையில் எளிதாக ஜெயிக்கும். மிச்சம் இருப்பது பில்லும் வசதியும். அந்த இரண்டுக்கும் விடை தண்ணீரின் வெப்பநிலையில் இருக்கிறது.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஹீட் பம்ப் வாங்குவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம். விற்க வருபவர் சி.ஓ.பி. 4.5, 5 என்று தாளைக் காட்டுவார். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வருடத்தின் மிகக் குளிரான நாளில் என் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும், அறை அறையாகக் கணக்குப் போட்டீர்களா? அன்றைக்கு ரேடியேட்டரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் ஓடும்? துணை ஹீட்டர் எப்போது தலையிடும்? இரண்டாவது கேள்விக்கு 45க்குக் கீழே ஒரு எண்ணும், அதற்காக எந்தெந்த அறையில் ரேடியேட்டரை மாற்றவேண்டும் என்ற பட்டியலும் வந்தால் ஆள் தொழில் தெரிந்தவர். ‘அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்’ என்றால் இன்னொரு ஆளிடமும் விலை கேளுங்கள். பொருத்தி முடித்த பிறகு, மெக்கே செய்த மாதிரி, வாரம் ஒரு முறை மீட்டரைப் படித்து எழுதி வையுங்கள்.